காய்ச்சலின் பெயர் என்ன?

எமது தமிழ்ப் பத்திரிகைகளில் நீண்டகாலமாக நிலைத்து நிற்கும் சொற்றொடர்களில் ஒன்று 'மர்மக் காய்ச்சல்'. ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வாரத்தில் காய்ச்சலில் விழுந்து, அவர்களில் ஒருவர் மரணமடைந்துவிட்டால் பிராந்திய நிருபர் அனுப்பும் செய்தியில் இச்சொற்றொடர் தவறாமல் இடம்பெறும். செய்தி மேசையில் அமர்ந்திருப்பவரும் அதனை வெட்டுவதில்லை. வெட்டிய இடத்தில் எழுதுவதற்கு வேறொரு பெயர் கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? இருப்பதில்லை. மூன்று தசாப்தங்களுக்கும் மேலாக இத்துறையில் இருப்பவன் என்ற வகையில், இந்தச் சொற்றொடருடன் எத்தனை இரவுகள் பக்கங்கள் அச்சுக்குப் போயின என்பதற்கு என்னிடம் கணக்கில்லை.

ஒரு காய்ச்சலுக்குப் பெயரைக் கொடுப்பவர் யார்? வைத்தியர் என்றே பலரும் பதில் கூறுவர். நுளம்பினால் பரவும் வைரஸ் காய்ச்சல்களைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். வைத்தியர் சந்தேகிக்கிறார், சிகிச்சையைத் தொடங்குகிறார். பெயரை உறுதிசெய்வது ஓர் ஆய்வுகூடம். அந்த ஆய்வுகூடத்தினுள் பல தசாப்தங்களாக அந்த வேலையைச் செய்துவந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம். விஞ்ஞானிகள் அதனை ஒற்றைக்குலப் பிறபொருளெதிரி என்பார்கள். ஆங்கில வழக்கில் மொனோகுளோனல் அன்டிபொடி. பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் பயின்ற எனக்கு இந்தச் சொல் அறிமுகமானது செய்திகளைத் துரத்திச் சென்ற வழியில்தான். அறிந்துகொண்டதை எனது வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதற்கு ஒரு காரணமும் இருக்கிறது.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் தரைவழித் தொடர்பை இழந்திருந்த அந்த வருடத்தின் இறுதி மாதங்களில், ஏறத்தாழ நாற்பது வருட இடைவெளிக்குப் பிறகு சிக்குன்குன்யா இலங்கைக்குத் திரும்பி வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வீடுவீடாகப் பரவியது. கொழும்பில் நாம் இருந்த செய்தி மேசைக்கு லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் தொலைபேசி அழைப்புகள் வந்தவண்ணம் இருந்தன. "அம்மாவுக்குக் காய்ச்சலாம், எழும்பி நடக்கேலாமல் கிடக்கிறாவாம். அது என்ன வருத்தம் அண்ணை?" என்று கேட்பார்கள். ஊரில் இருந்தவர்களோ மூட்டுகள் பூட்டிக்கொண்டு குனிந்தபடி நடந்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் மகொண்டே மொழியில் சிக்குன்குன்யா என்ற சொல்லின் பொருளே அந்தக் குனிந்த கோலம்தான்.

மறுவருடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அறிஞர் சின்னத்தம்பி சுரேந்திரனும் அவரது சகாக்களும் அந்தத் தொற்றைப் பற்றி ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினர். அந்தக் கட்டுரையின் தலைப்பு 'சிக்குன்குன்யா' என்று கூறவில்லை. 'சிக்குன்குன்யா வகைக் காய்ச்சல்' என்றே கூறியது. 'வகை' என்ற அந்த ஒரு சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையாளன் 'மர்ம' என்று எழுதும் இடத்தில் விஞ்ஞானி 'வகை' என்று எழுதுகிறான். முன்னையது அச்சத்தை வளர்க்கிறது. பின்னையது, இன்னும் எவ்வளவு தூரம் செல்லவேண்டியிருக்கிறது என்பதை அளந்து சொல்கிறது.

அந்தத் தூரம் ஏன் கடினமானது என்பதைச் சற்று விளக்கவேண்டும். டெங்கு, சிக்குன்குன்யா, யப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகிய மூன்றும் நுளம்பினால் பரவுபவை. மூன்றும் தொடக்கத்தில் காய்ச்சலாகவும் தலையிடியாகவும் உடல் உளைவாகவுமே வெளிப்படுகின்றன. நோயாளியின் குருதியில் நோய்க்கு எதிராக உடல் தானே உருவாக்கிய பிறபொருளெதிரிகளைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் எமது நாட்டில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டெங்கு வைரஸும் யப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் காய்ச்சல், மேற்கு நைல், சிகா வைரஸ்களும் அக்குடும்பத்தவையே. 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரம், புத்தளம் உள்ளிட்ட நெற்செய்கைப் பிரதேசங்களில் மூளைக்காய்ச்சல் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியதைத் தொடர்ந்து, 1988ஆம் ஆண்டு முதல் இலங்கையில் பிள்ளைகளுக்கு அதற்கான தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகிறது. தடுப்பூசி பெற்றவரின் குருதியிலும், முன்னொரு காலத்தில் தெரியாமலே டெங்கு வந்து போனவரின் குருதியிலும் அந்தக் குடும்பத்தை அடையாளம் காணும் பிறபொருளெதிரிகள் இருக்கும். சோதனையில் அவை கைதூக்கி நிற்கும். அண்ணனைக் கண்டவன் தம்பியையும் அவன்தான் என்று சொல்வது போன்ற சாட்சியம் அது.

ஒரு விலங்குக்கு வைரஸைச் செலுத்தி அதன் குருதி நீர்பாயத்தை எடுத்துச் சோதித்தாலும் இதே குறை உண்டு. அந்த நீர்பாயத்தில் ஆயிரக்கணக்கான வேறுபட்ட பிறபொருளெதிரிகள் கலந்து கிடக்கும். ஒன்று வைரஸின் ஒரு மூலையைப் பிடிக்கும்; இன்னொன்று வேறொரு மூலையை. விலங்கு இறந்தால் அந்தக் கலவையும் முடிந்துவிடும். அடுத்த விலங்கின் கலவை வேறாக இருக்கும். சந்தையில் நடந்த சண்டையை நூறு பேரிடம் ஒரே நேரத்தில் விசாரித்துவிட்டு வந்து செய்தி எழுதுவதற்கு இதனை ஒப்பிடலாம். ஒரே விடயத்தை, ஒரே சொல்லில், எத்தனை முறை கேட்டாலும் மாறாமல் சொல்லும் தனிச்சாட்சி ஒன்று தேவைப்பட்டது.

அந்தச் சாட்சியை உருவாக்கும் வழியைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் சீசர் மில்ஸ்டீன். ஆர்ஜென்டீனாவில் யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். 1962இல் அந்நாட்டில் நடந்த இராணுவச் சதிப்புரட்சியைத் தொடர்ந்து, தாம் பணியாற்றிய நிறுவகத்தில் சகாக்கள் பதவிநீக்கப்பட்டதற்கு எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி துறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றவர். சொந்த நாட்டின் அரசியல் வெளியேற்றிய புலமையாளர்களைப் பற்றி எமக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர் அவரிடம் ஆய்வுக்கு வந்த ஜோர்ஜ் கோலர் என்ற இளம் ஜேர்மனியர்.

அவர்கள் செய்ததை எளிமையாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். சுண்டெலியின் மண்ணீரலில் பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கலமும் ஒரேயொரு வகைப் பிறபொருளெதிரியையே சுரக்கும். ஆனால் உடலுக்கு வெளியே அது சில நாட்களில் மடிந்துவிடும். புற்றுநோய்க் கலமோ முடிவின்றிப் பெருகக்கூடியது. கோலரும் மில்ஸ்டீனும் இவை இரண்டையும் ஒன்றாக இணைத்தனர். பிறந்த கலப்புக் கலம் ஒரு பெற்றோரிடமிருந்து திறமையையும் மற்றப் பெற்றோரிடமிருந்து நீண்ட ஆயுளையும் பெற்றிருந்தது. இணையாத புற்றுநோய்க் கலங்கள் வாழ முடியாத ஊடகத்தில் அவற்றை வளர்த்து, பின்னர் ஒரு குழிக்கு ஒரு கலம் என்ற கணக்கில் பிரித்து வைத்தால், அந்தத் தனிக் கலத்தின் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே பிறபொருளெதிரியையே சுரந்துகொண்டிருக்கும். 'ஒற்றைக்குலம்' என்ற பெயர் அதனால் வந்தது. 1975 ஓகஸ்டில் 'நேச்சர்' சஞ்சிகையில் இது வெளியாகியது. 1984இல் நீல்ஸ் யேர்ன் என்ற அறிஞருடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த முறை நுளம்பு வைரஸ்களின் பக்கம் திரும்புவதற்கு அதிக காலம் செல்லவில்லை. அமெரிக்காவின் வோல்டர் ரீட் இராணுவ ஆராய்ச்சி நிறுவகத்தில் மேரி கே ஜென்ரி, எரிக் ஹென்சல் முதலியோர் டெங்கு வைரஸுக்கு எதிரான ஒற்றைக்குலப் பிறபொருளெதிரிகளை உருவாக்கி 1982ஆம் ஆண்டில் அவற்றை விபரித்தனர். இராணுவத்துக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். வெப்பமண்டலத்துக்குச் செல்லும் படைகளை நுளம்பு முடக்கிய வரலாறு நீண்டது. வோல்டர் ரீட் என்பவரே, மஞ்சள் காய்ச்சலை நுளம்பு பரப்புகிறது என்பதை 1900இல் கியூபாவில் நிறுவிய இராணுவ வைத்தியக் குழுவின் தலைவர்தான்.

அவர்கள் உருவாக்கியவற்றில் ஒன்றின் பெயர் 4ஜீ2. அது டெங்கு வைரஸின் மேலுறைப் புரதத்தில், அந்தக் குடும்பத்து வைரஸ்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரேமாதிரி இருக்கும் ஒரு சிறு வளையத்தைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே டெங்கு என்றாலும் யப்பானிய மூளைக்காய்ச்சல் என்றாலும் அது 'ஆம், இந்தக் குடும்பம்தான்' என்று சொல்லும். சிக்குன்குன்யா வேறு குடும்பம். அதற்கு முன் 4ஜீ2 மௌனமாக இருக்கும். அந்த மௌனமும் ஒரு தகவலே. அத்துடன், டெங்குவின் நான்கு வகைகளையும் தனித்தனியே இனங்காணும் வேறு பிறபொருளெதிரிகளும் அதே நிறுவகத்தில் உருவாகின. உதாரணமாக 3எச்5 என்பது இரண்டாம் வகை டெங்குவை மாத்திரமே பற்றும். குடும்பத்தைச் சொல்ல ஒரு சாட்சி, ஆளைச் சொல்ல நான்கு சாட்சிகள் என்று ஆயிற்று.

நுளம்பில் வைரஸ் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? பிடித்த நுளம்புகளை இனவாரியாகவும் இடவாரியாகவும் பிரித்துக் குளிரில் வைப்பார்கள். சில நுளம்புகளை ஒன்றாக அரைத்து, வடித்த திரவத்தை வளர்ப்புக் கலங்களின் மீது இடுவார்கள். பெரும்பாலும் அந்தக் கலங்களும் நுளம்பிலிருந்து வந்தவையே. சி6/36 எனப்படும் அக்கல வரிசையின் மூலம், 1967இல் இந்தியாவின் பூனா நகரில் கே.ஆர்.பி. சிங் ஆசியப் புலி நுளம்பிலிருந்து உருவாக்கிய கலங்கள். 1978இல் அவற்றிலிருந்து யப்பானிய அறிஞர் இகராஷி இதனைத் தெரிந்தெடுத்தார். வைரஸ் அக்கலங்களில் பெருகினாலும் பல வேளைகளில் வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் தெரியாது. சில நாட்களின் பின் கலங்களைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, 4ஜீ2 போன்ற பிறபொருளெதிரியை ஊற்றி, கழுவி, அதனைப் பற்றிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தையும் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வைரஸ் இருக்குமாயின் இருட்டின் நடுவே கலங்கள் பச்சையாக ஒளிரும். இல்லாவிடின் இருட்டு இருட்டாகவே இருக்கும்.

இவையெல்லாம் ஆய்வுகூடத்து விடயங்கள், சாதாரண மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது என்று எண்ணுபவர்களுக்காக ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன்.

2009ஆம் ஆண்டு இலங்கையில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பீடிக்கப்பட்டனர். 300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எம்முடன் பணியாற்றிய பக்க வடிவமைப்பாளரான ஓர் இளைஞரும் அவ்வருடம் இறந்தார். மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் வாடகை அறையில் தங்கியிருந்தவர். முதலில் பார்த்த இடத்தில் 'வைரஸ் காய்ச்சல்' என்று கூறி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் காய்ச்சல் குறைந்தது. சுகமாகிவிட்டது என்று நினைத்து வேலைக்கு வந்தார். மறுநாள் மயங்கி விழுந்தார். சடலத்தை எடுத்துச் செல்ல வந்த அவரது தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ளைக்கு வந்தது என்னா காய்ச்சல்னு சொல்லுங்க ஐயா. ஊருல கேப்பாங்க, நான் என்னான்னு சொல்றது?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவே அந்தத் தாய் கேட்டது இழப்பீட்டையோ விசாரணையையோ அல்ல. ஒரு பெயரை.

டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகிறது. குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசியும் நேரம் அதுவே. ஆகவே காய்ச்சலின் பெயர் முதல் மூன்று நாட்களுக்குள் தெரிந்துவிட்டால், நான்காம் நாள் எழுந்து நடப்பவரை வீட்டார் வேலைக்கு அனுப்பமாட்டார்கள். இன்று அதற்கு உதவுவது என்.எஸ்.1 சோதனை. வைரஸ் பெருகும்போது குருதியில் கலக்கும் ஒரு புரதத்தின் பெயர் அது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் போல் யங் தலைமையிலான குழுவினர், ஒற்றைக்குலப் பிறபொருளெதிரிகளைக் கொண்டு அப்புரதத்தைக் குருதியிலிருந்து பிடித்தெடுக்கும் முறையை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பின்னர் அதே தத்துவம் சிறு பட்டிச் சோதனையாக மாறியது. பட்டியில் தோன்றும் அந்தக் கோட்டின் இடத்தில் பதித்து வைக்கப்பட்டிருப்பது பிறபொருளெதிரியே. நுளம்பை அரைத்த திரவத்திலும் இச்சோதனையைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகள் உண்டு.

இதிலும் எல்லைகள் இருக்கின்றன என்பதை வாசகர்கள் மனதில் கொள்ளவேண்டும். இரண்டாம் முறை டெங்கு கண்டவரின் குருதியில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தைச் சூழ்ந்துகொள்வதால் கோடு தோன்றாமல் போகலாம். காய்ச்சல் தொடங்கிச் சில நாட்கள் கடந்த பின்னரும் அவ்வாறு நேரலாம். கோடு இல்லை என்பது டெங்கு இல்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல. இரண்டாம் தொற்றே பெரும்பாலும் கடுமையானது என்பதால், சாட்சி தடுமாறும் இடமும் ஆபத்து மிகுந்த இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

குடும்பத்தின் பெயருடன் நின்றுவிடாமல் நான்கில் எது என்று அறிவது ஏன் முக்கியம் என்பதற்கு எமது நாட்டின் வரலாறே பதில் சொல்லும். இலங்கையில் டெங்கு ஆய்வுகூட ரீதியாக உறுதிசெய்யப்பட்டது 1962இல். ஆனால் குருதிப்பெருக்குடன் கூடிய கடும் டெங்கு பெருமளவில் தலைகாட்டியது 1989இல்தான். இடைப்பட்ட காலத்தில் நான்கு வகைகளும் இங்கு இருந்தன. அப்படியாயின் 1989இல் என்ன மாறியது? மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளராக இருந்த பேராசிரியர் திஸ்ஸ விதாரணவைப் பெரும்பாலானோர் இடதுசாரி அரசியல்வாதியாகவும் அமைச்சராகவும் மட்டுமே அறிவர். அவர் ஒரு வைரசியல் அறிஞர், இந்நாட்டு டெங்கு வரலாற்றைப் பதிவுசெய்தவர்களில் ஒருவர். வில்லியம் மெஸ்ஸர், அரவிந்த டி சில்வா முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் வகை டெங்குவின் ஒரு புதிய கிளை அக்காலத்தில் தோன்றியதுடன் அம்மாற்றத்தைத் தொடர்புபடுத்தியது. 2009இல் முதலாம் வகை மேலோங்கியது. 1 இலட்சத்து 86 ஆயிரம் பேரைப் பீடித்து 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2017ஆம் ஆண்டின் பெருந்தொற்றின்போது மேலோங்கியிருந்தது இரண்டாம் வகை. ஒரு வகைக்குப் பழகிய மக்கள் மத்தியில் வேறொரு வகை நுழையும்போது நோய் பெருகுகிறது. அந்த மாற்றத்தை முன்கூட்டியே கண்டுகொள்ளும் கண் ஒரு நாட்டுக்கு வேண்டும். இன்று வகைபிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பி.சி.ஆர் சோதனை செய்கிறது. ஆயினும் வளர்ப்புக் கலங்களில் வைரஸை எண்ணுவதற்கும், தடுப்பூசி பெற்றவரின் குருதி வைரஸை உண்மையில் முடக்குகிறதா என்று அளப்பதற்கும் ஆய்வாளர்கள் இன்றும் 4ஜீ2ஐ நாடுகின்றனர்.

கோலரும் மில்ஸ்டீனும் தமது முறைக்குக் காப்புரிமை பெறவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். உடனடிப் பயன் எதுவும் தென்படவில்லை என்று பிரித்தானியாவின் பொறுப்புவாய்ந்த நிறுவனம் அக்காலத்தில் கருதியது. பின்னாட்களில் அந்நாட்டு அரசியல்வாதிகள் அதனைப் பெரும் நட்டம் என்று கடிந்துகொண்டனர். எம்மைப் போன்ற நாடுகளின் பக்கமிருந்து பார்த்தால் அது நட்டமாகத் தெரியவில்லை. அந்த முறையை எவரும் கற்று, எவரும் செய்ய முடிந்தது. 4ஜீ2ஐச் சுரக்கும் கலங்களும் அமெரிக்கக் கலச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டு, கேட்கும் ஆய்வுகூடங்களுக்குக் கிடைத்துவருகின்றன. அந்தச் சுண்டெலி இறந்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. அதன் கலங்கள் இன்றும் உறைகுளிரில் உயிரோடு இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்கின்றன என்பதை ரஞ்சன் ராமசாமியும் சுரேந்திரனும் சகாக்களும் 2011இல் எடுத்துக்காட்டினர். நன்னீரில் மட்டுமே அவை வளரும் என்று நம்பியிருந்த உலகுக்கு அது புதிய செய்தி. அறிவு எம்மிடம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. 2022இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலங்கள் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதையும், வைத்தியசாலைகளில் மருந்துகளும் சோதனைப் பொருட்களும் தீர்ந்துபோனதையும் நாம் கண்டோம். பிறபொருளெதிரி குளிரில் இருக்கவேண்டிய பொருள். அதனை டொலர் கொடுத்து வாங்கவேண்டும். டொலரும் மின்சாரமும் இல்லாத நாளில் நுளம்பு காத்திருக்காது.

நாடுகள் பீரங்கிகளுக்குச் செலவிட்டதைக் கணக்கிட்டு எழுதிப் பழகிய தலைமுறை எங்களுடையது. ஒரு கலவளர்ப்பு அறை, ஒரு குளிரூட்டி, அதற்கொரு மின்பிறப்பாக்கி, இரண்டு பயிற்சிபெற்ற ஆய்வாளர்கள் ஆகியவற்றுக்கு வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் என்ன செலவாகும் என்று எவரேனும் பாராளுமன்றத்தில் கேட்டதாக நான் செய்தி எழுதியதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அது. மலையகத்திலிருந்து வந்த அந்தத் தாயாருக்கு, மகனை அடக்கம் செய்து இரண்டு வாரங்களின் பின்னரே அந்தப் பெயர் கிடைத்தது. ஒரு கடதாசியில் அதை எழுதித் தரும்படி கேட்டு வாங்கிச் சென்றார்.